மாருதி 800: சட்டத்துலயே மைலேஜ் எழுதி வந்த கார்

வீட்டு வாசல்ல ஒரு பழைய மாருதி 800 நிக்குது. லிட்டருக்கு 12 தான் குடுக்குது. வித்துடலாமா, சரி பண்ணி வச்சுக்கலாமா? பல வீடுகள்ல நடக்குற விவாதம் இது. பதில் தேடுறதுக்கு முன்னாடி, அந்தக் கார் எதுக்காகப் பிறந்துச்சுன்னு பார்த்துடுவோம்.

சஞ்சய் காந்தியோட மாருதி கம்பெனி கார் தயாரிக்க முடியாம முடங்கிப்போச்சு. அதை அரசு எடுத்துக்கிட்டதுக்கு 1980ல ஒரு சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டம் சொன்ன நோக்கங்கள்ல ஒண்ணு, பற்றாக்குறையா இருக்குற எரிபொருளைச் சிக்கனமா பயன்படுத்துறது. 1973, 1979னு ரெண்டு எண்ணெய் நெருக்கடி பார்த்த நாடு, பெட்ரோலுக்கு வெளிநாட்டுப் பணம் தேடி அலைஞ்ச நாடு. அதனால மைலேஜ் இங்க விளம்பர வாசகமா ஆகுறதுக்கு முன்னாடியே அரசாங்கக் கொள்கையா இருந்துச்சு.

1982 அக்டோபர்ல சுசுகியோட ஒப்பந்தம். 1983 டிசம்பர் 14ல முதல் காரோட சாவியை ஹர்பால் சிங்குக்கு இந்திரா காந்தி குடுத்தார். விலை 47,500 ரூபாய் சுமார்.

அன்னைக்கு ரோட்டுல இருந்தது அம்பாசிடரும் பத்மினியும். அம்பாசிடருக்கு 1,489 சிசி இன்ஜின், எடை ஒரு டன்னுக்கு மேல. 800க்கு 796 சிசி, மூணு சிலிண்டர், எடை 650 கிலோவை ஒட்டி. பின் சக்கரத்துக்கு நீளமான ஷாஃப்ட் போட்டு சக்தி கடத்துற வேலையும் இல்ல, முன் சக்கரமே இழுக்கும். ரகசியம் அவ்வளவுதான்: எடை குறைச்சல், உராய்வு குறைச்சல். ஊருக்குள்ள நின்னு நின்னு போறப்ப ஒவ்வொரு தடவையும் அந்த எடையைத்தானே இன்ஜின் தள்ளணும்!

1986ல உடம்பு மாறுச்சு. 1995ல சென்னை உள்பட நாலு பெருநகரங்கள்ல புதுக் கார்களுக்கு ஈயமில்லாத பெட்ரோலும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கட்டாயமாச்சு. 2000 வாக்குல கார்புரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்துச்சு. 2010 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்த பெருநகரங்கள்ல விற்பனை நின்னுச்சு. 2014 ஜனவரில உற்பத்தியே முடிஞ்சுது.

மைலேஜ் எங்க போச்சு?

எடை அதேதான், இன்ஜின் அதேதான். அப்போ 12க்கு இறங்குச்சுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் வால்வு. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு கழட்டிப் போடுற மெக்கானிக்குகள் இன்னும் இருக்காங்க. இன்ஜின் 80 டிகிரி தாண்டுற வரைக்கும் ரேடியேட்டர் பக்கம் தண்ணியை விடாம வைக்கிறது அந்த வால்வோட வேலை. அது இல்லன்னா இன்ஜின் சூடேற ரொம்ப நேரம் ஆகும். எம்பிஎஃப்ஐ வண்டியில சென்சார் "இன்ஜின் இன்னும் குளிரா இருக்கு"ன்னு சொல்லும், கம்ப்யூட்டரும் அதை நம்பி கூடுதல் பெட்ரோல் ஊத்தும். சின்னக் கருவிதான், விலையும் பெருசா இல்ல.

அடுத்து பிரேக். காரை ஜாக்கில தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டுட்டு, ஒவ்வொரு சக்கரமா கையால சுத்திப் பாருங்க. ஒண்ணு மட்டும் இறுக்கமா நின்னா, அந்த உராய்வுக்கும் நீங்கதான் பெட்ரோல் போடுறீங்க. பிறகு டயர் காத்து, அதுவும் வண்டி ஆறியிருக்கும்போது பார்க்கணும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் எல்லாம் தெரிஞ்ச கதைதான்.

அளக்குறதுக்கு மீட்டர் முள்ளை நம்பாதீங்க. டேங்க்கை நிரப்பி, 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்க்ல மறுபடி நிரப்பிக் கணக்குப் போடுங்க. ஒரு நேரத்துல ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. நம்ம கோட் டீபக் பண்ற மாதிரிதான். மூணு விஷயத்தை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது.

வச்சுக்கலாமா?

கணக்கு பார்ப்போம். 1,000 கிலோமீட்டருக்கு, 12 குடுக்குற கார் 83 லிட்டர் குடிக்கும். அதை 16 ஆக்கினா 62.5 லிட்டர். சுமார் 21 லிட்டர் மிச்சம். அதுக்குப் பதிலா 20 குடுக்குற புதுக் கார் வாங்கினா 50 லிட்டர். 16ல இருந்து 20க்குப் போக மேற்கொண்டு கிடைக்கிற லாபம் 12.5 லிட்டர்தான், ஆனா செலவு பல லட்சம். அதே 4 கிலோமீட்டர் ஏத்தம், ஆனா கீழ இருக்கும்போது ஏத்தினாதான் பெட்ரோல் அதிகமா மிச்சமாகும். பெட்ரோல் செலவை மட்டும் பார்த்து 800ஐ விக்கிறதுல அர்த்தம் இல்ல.

ஆனா இன்னும் ரெண்டு விஷயம் இருக்கு. 15 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 600 ரூபாய்ல இருந்து 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினதுக்கு 2025ல 10,000 ஆச்சு. ரெண்டாவது, இதைவிட முக்கியம்: ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. மைலேஜ் குடுக்குற அதே குறைஞ்ச எடைதான், மோதும்போது உள்ள இருக்கிறவங்களுக்கு ஆபத்து.

அதனால என் பதில் இது. மார்க்கெட், ஸ்கூல், ரயில்வே ஸ்டேஷன் ஓட்டத்துக்கு 800ஐ சரி பண்ணி வச்சுக்கங்க. குடும்பத்தோட நாலுவழிச் சாலையில ஊருக்குப் போறதுக்கு வேற வண்டி பாருங்க. அந்தக் கணக்கை லிட்டர்ல போட முடியாது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.