தமிழ்நாட்டில் சிக்குன்குனியா

சிக்குன்குனியா என்பது கொசுக்களால் (ஈழ வழக்கில் நுளம்பு) பரவும் ஒரு தீநுண்மக் காய்ச்சல் ஆகும். இதனை உண்டாக்கும் வைரசு, டோகாவிரிடே குடும்பத்தின் ஆல்ஃபாவைரசு பேரினத்தைச் சேர்ந்தது. திடீர்க் காய்ச்சலும் கடுமையான மூட்டுவலியும் இந்நோயின் முதன்மையான அறிகுறிகள். பெரும்பாலானோர் உயிருக்கு ஆபத்தின்றிக் குணமடைகின்றனர். எனினும் மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கின்றது.

பெயர்க் காரணம்

1952 ஆம் ஆண்டில், இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் உள்ள மக்கொண்டே மேட்டுநிலத்தில் இந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. 'சிக்குன்குனியா' என்பது மக்கொண்டே மொழிச் சொல். 'வளைந்து போதல்' என்பது இதன் பொருள். மூட்டுவலியால் நிமிர இயலாமல் குனிந்து நடக்கும் நோயாளியின் தோற்றத்தை இப்பெயர் குறிக்கின்றது. 'கோழிக்குன்குனியா' என்று வேடிக்கையாகத் திரித்து வழங்கினாலும், இந்நோய்க்கும் கோழிக்கும் எத்தொடர்பும் இல்லை.

வரலாறு

இந்தியாவில் இந்நோய் 1963 இல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்டது. 1964 இல் சென்னையில் பெரும் அளவில் பரவியது. அக்காலத்தில் வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் காணப்பட்டது. 1973 இல் மகாராட்டிரத்தின் பார்சி நகரில் தோன்றிய பரவலுக்குப் பின், ஏறத்தாழ 32 ஆண்டுகள் நாட்டில் பெரிய பரவல் எதுவும் ஏற்படவில்லை. இந்த இடைவெளியில் பிறந்த தலைமுறையினர் நோயெதிர்ப்பு ஆற்றலைப் பெற்றிருக்கவில்லை.

2005 ஆம் ஆண்டின் இறுதியில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2006 இல் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 13.9 இலட்சம் பேருக்கு நோய் இருக்கலாம் எனப் பதிவு செய்யப்பட்டது. கருநாடகம், மகாராட்டிரம், ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றுடன் தமிழ்நாடும் பாதிப்புக்குள்ளானது. 1960களில் பரவியது ஆசிய மரபுவகை. 2006 இல் பரவியதோ கிழக்கு-நடு-தென்னாப்பிரிக்க மரபுவகை. அதே ஆண்டின் இறுதியில் இலங்கையின் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார் பகுதிகளிலும் நோய் பரவியது.

இக்காலத்தில் இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான ரீயூனியன் தீவில் மக்கள் தொகையின் மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர். அங்கு வைரசின் உறைப்புரதத்தில் ஏற்பட்ட ஒரேயொரு அமினோ அமில மாற்றம், அது ஏடிசு அல்போபிக்டசு கொசுவில் எளிதாகப் பெருக உதவியது என ஆய்வுகள் காட்டின. இம்மாற்றம் பெற்ற வைரசு 2007 இல் கேரளத்திலும் காணப்பட்டது. தோட்டங்களும் மரங்களும் மிகுந்த இடங்களில் இக்கொசு மிகுதியாக வாழ்வதால், நகர்ப்புற நோய் எனக் கருதப்பட்டது ஊர்ப்புறங்களுக்கும் உரியதாயிற்று.

பரவும் முறை

நோயுற்றவரின் குருதியை உறிஞ்சும் பெண் ஏடிசு கொசுவின் உடலில் வைரசு பெருகுகின்றது. சில நாட்களுக்குப் பின் அக்கொசு கடிக்கும் பிறருக்குத் தொற்று ஏற்படுகின்றது. தும்மல், இருமல், தொடுதல் ஆகியவற்றால் இந்நோய் பரவாது. ஏடிசு கொசு பகலில் கடிக்கும். ஆகவே இரவில் மட்டும் கொசுவலை கட்டுவது போதுமானதன்று.

இக்கொசு சாக்கடையில் அன்றி, வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுகின்றது. முட்டை முழுவளர்ச்சி பெற்ற கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆகின்றன. முட்டைகள் நீரின்றிப் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தாலும், மழைநீர் பட்டவுடன் பொரிக்கக் கூடியவை.

செங்கல்பட்டுக் கடற்கரையில் கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், புதுப்பட்டினம் ஆகிய ஊர்கள் வடகிழக்குப் பருவமழையால் அக்டோபர் முதல் திசம்பர் வரை மிகுந்த மழை பெறுகின்றன. இத்தகைய ஊர்களில் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பயன்படுத்தாத ஆட்டுக்கல், கரையேற்றிய படகு ஆகியவற்றில் மழைநீர் தேங்குகின்றது. மழையற்ற காலத்திலோ, குடிநீரைக் குடங்களிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் சேமிக்கும் வழக்கம் கொசுவிற்கு இடமளிக்கின்றது. எனவே நீர்ப்பற்றாக்குறையும் நோய்ப்பரவலுக்குக் காரணமாகின்றது.

அறிகுறிகளும் விளைவுகளும்

கொசு கடித்த 3 முதல் 7 நாட்களில் பொதுவாக அறிகுறிகள் தோன்றுகின்றன. அவை:

கடுங்காய்ச்சல்
மணிக்கட்டு, விரல், கணுக்கால், முழங்கால் மூட்டுகளில் வலியும் வீக்கமும்
தலைவலி, தசைவலி, களைப்பு
தோலில் சிவந்த தடிப்பு

காய்ச்சல் ஒரு வாரத்திற்குள் தணிகின்றது. மூட்டுவலி நீடித்தால் வலை இழுத்தல், கல் செதுக்குதல், நாற்று நடுதல் போன்ற உடலுழைப்பால் வாழ்வோர் கூலி இழக்க நேரிடுகின்றது. முதியோர், நீரிழிவு அல்லது இதயநோய் உடையோர், பச்சிளங்குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். மகப்பேற்றின்போது தாயின் குருதியில் வைரசு இருந்தால் குழந்தைக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு. இந்நோயால் இறப்பே இல்லை என்ற முந்தைய கருத்தை ரீயூனியன், அகமதாபாது ஆகிய இடங்களில் 2006 ஆம் ஆண்டின் இறப்புப் பதிவுகள் மீதான ஆய்வுகள் கேள்விக்குள்ளாக்கின.

நோயறிதலும் மருத்துவமும்

முதல் வாரத்தில் வைரசின் மரபுப்பொருளை ஆர்டி-பிசிஆர் சோதனையாலும், அதன் பின் பிறபொருளெதிரிகளை எலைசா சோதனையாலும் கண்டறியலாம்.

இந்நோய்க்கெனத் தனி மருந்து இல்லை. ஓய்வு, போதிய நீராகாரம், மருத்துவர் கூறும் அளவில் பாராசிட்டமால் ஆகியவையே மருத்துவம். டெங்குக் காய்ச்சலும் இதே கொசுவால், இதே காலத்தில், ஒத்த அறிகுறிகளுடன் பரவுகின்றது. டெங்கு இல்லை என உறுதியாகும் வரை ஆசுப்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலிநீக்கிகளைத் தவிர்க்க வேண்டும்; அவை குருதிக்கசிவைக் கூட்டக்கூடும். ஒருமுறை நோயுற்றவருக்கு நீண்டகால நோயெதிர்ப்பு ஏற்படுகின்றது.

முதல் தடுப்பூசிக்கு 2023 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. முதியோரிடம் கடும் பக்கவிளைவுகள் பதிவானதைத் தொடர்ந்து 2025 இல் அதன் உரிமம் அங்கு இடைநிறுத்தப்பட்டது.

தடுப்பு முறைகள்

நீர்க்கலன்களை வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். தேய்க்காவிடில் சுவரில் ஒட்டிய முட்டைகள் அகலா.
தொட்டிகளை இறுக மூட வேண்டும். மூட இயலாதவற்றில் சுகாதாரப் பணியாளர்கள் டெமிஃபாசு மருந்து இடுவர்.
நோயாளி முதல் வாரத்தில் பகலிலும் கொசுவலைக்குள் இருத்தல் வேண்டும். இதனால் வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் நோய் பரவுவது குறைகின்றது.

புகையடித்தல் பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். நீரிலுள்ள புழுக்களை அழிக்காது. ஏடிசு கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே வாழ்வதால், ஒரு தெருவில் உள்ள அனைத்து வீடுகளும் ஒரே நாளில் தேங்கிய நீரை அகற்றுவது மிகுந்த பயன் தரும்.