குலக்கல்வித் திட்டமும் ‘புரிதற்குறை’ வாதமும்

முன்னுரை

ஆட்சியாளர் மக்களின் நம்பிக்கையை இழக்கும்போது, கொள்கையில் பிழையில்லை, அதனை விளக்கிய முறையிலேயே குறை என்பர். சென்னை மாநிலத்தில் 1953இல் எழுந்த கல்விச் சிக்கலை முன்வைத்து இவ்வாதத்தின் வலிமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திட்டமும் எதிர்ப்பும்

முதலமைச்சர் இராஜாஜி 1953-54 கல்வியாண்டில் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். மாணவர் இரு பிரிவினராகி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பயில்வர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இருக்கும் கட்டடங்களையும் ஆசிரியர்களையும் கொண்டே மிகுதியான பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கலாம் என்பது அரசின் கணக்கு. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் இதனைக் ‘குலக்கல்வி’ எனச் சாடினர். 1953 சூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இஃது ஒரு முனையாயிற்று. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வளர்ந்தது. அதே மாதம் திட்டத்தைக் கைவிடக் கோரிய சட்டமன்றத் தீர்மானத்திற்கு ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருந்தன.

விளக்கத்தின் எல்லை

திட்டம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்பதே இராஜாஜி தரப்பின் நிலைப்பாடு. ‘குலக்கல்வி’ என்பது எதிர்ப்பாளர் இட்ட பெயரே என்பதும் உண்மை. ஆயின், அரசு அமைத்த பருலேகர் குழு அவ்வாண்டின் இறுதியில் திட்டத்தை ஏற்புடையதெனக் கூறிய பின்னரும் எதிர்ப்பு தணியவில்லை. விளக்கக்குறையே காரணமாயின், வல்லுநர் சான்று அதனை நிறைவு செய்திருத்தல் வேண்டும். எதிர்ப்பாளரின் வினா திட்டத்தின் நோக்கம் பற்றியதன்று, விளைவு பற்றியது. சாதியும் தொழிலும் பிணைந்த ஊரில் பெற்றோரின் தொழில் என்பது சாதித் தொழிலன்றி வேறு யாது? இவ்வினாவிற்குச் சொல்லால் விடையளிக்க இயலாது. விதியை மாற்றியே விடையளிக்க இயலும். அப்பெயர் நிலைத்தமைக்கும் மக்களின் பட்டறிவே காரணம்.

1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. அதனை அறிவித்தவர், இராஜாஜி அமைச்சரவையிலும் இடம்பெற்றிருந்த சி. சுப்பிரமணியம் என்பது குறிப்பிடத்தக்கது. புதிய அரசு பழைய திட்டத்தை மீண்டும் விளக்க முற்படவில்லை. பிள்ளைகள் பள்ளிக்கு வாராமைக்கு வறுமையே காரணமெனக் கண்டு, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது.

முடிவுரை

2021 நவம்பரில் வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்த பிரதமரும், உழவருள் ஒரு சாராருக்கு உண்மையை விளக்க இயலவில்லை என்றே குறிப்பிட்டார். வள்ளுவர் செங்கோன்மையை அரசியலிலும் சொல்வன்மையை அமைச்சியலிலும் வைத்தார். முன்னது ஆட்சியின் இயல்பு. பின்னது அதற்குத் துணை. துணை, முதலின் இடத்தை நிரப்புவதில்லை என்பதே 1953ஆம் ஆண்டு நிகழ்வால் பெறப்படும் முடிவாகும்.