பழைய புகைப்படங்களின் வண்ணமும் வத்தல்மலையின் வாழ்வும்

வத்தல்மலை தர்மபுரி மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள மலைப்பகுதி. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு முதலிய சிற்றூர்களைக் கொண்டது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய மூன்று சகோதரர்களின் வழிவந்தவர்கள் என்பது இவர்களின் தொன்மக்கதை.

கறுப்பு வெள்ளைப் படங்கள்

எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் மலையாளிகளைப் பற்றிய குறிப்புகளும், தென்னிந்தியக் குடிகள் பலரின் கறுப்பு வெள்ளைப் படங்களும் உள்ளன. அக்காலக் கண்ணாடித் தகடுகள் பல நீல ஒளியையே அதிகம் பதிவுசெய்தன. அவற்றில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளுப்பாகவும் தெரியும். பழுப்புத் தோல் உண்மையில் இருப்பதைவிடக் கருமையாகப் பதியும். அப்படங்களைக் கண்டு மலைமக்களின் நிறத்தையும் உடையையும் முடிவுசெய்வது பிழையாகும்.

வண்ணப் படச்சுருள்

கோடாக்ரோம் படச்சுருள் 1935-ல் அறிமுகமானது. இந்தியாவில் 1950-களில் வண்ணச் சுருள் வெளிநாட்டிலிருந்தே வந்தது, விலை மிகுந்தது. உதகமண்டலத்தில் 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதுவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைச் சுருளையே தயாரித்தது. வண்ணம் வேண்டியவர்களுக்கு ஸ்டுடியோக்களில் கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் கையால் சாயம் தீட்டித் தரப்பட்டது. மோட்டார் சாலை இல்லாத வத்தல்மலைக்குப் படக்கருவியுடன் செல்பவர் நடந்தே ஏறவேண்டியிருந்தது.

மீட்பும் வண்ணமேற்றலும்

இவை இரண்டும் வேறுபட்டவை. பல வண்ணச் சுருள்களில் இருட்டில் வைத்திருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் படம் செந்நிறமாக மாறுகிறது. எஞ்சிய சாயத்தை அளந்து இழந்ததை ஈடுசெய்வது மீட்பு. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினி நிறம் கொடுப்பது வண்ணமேற்றல்; அது ஊகம் மட்டுமே. சாம்பல் நிறத்தின் ஒரே அளவு சிவப்புப் புடவையிலிருந்தும் பச்சைப் புடவையிலிருந்தும் வரக்கூடும்.

வரலாற்று முக்கியத்துவம்

நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலையாளிகளின் வீடுகள் மூங்கில் தட்டிமேல் மண் பூசி, புல் வேய்ந்தவை. சாமையும் கேழ்வரகும் அவர்களின் உணவுத் தானியங்கள். இன்று வத்தல்மலையில் காபியும் மிளகும் விளைகின்றன. 2022-ல் அரசுப் பேருந்தும் மலையேறியது. வாழ்க்கை மாறிவிட்ட நிலையில், கூரைப்புல்லின் மஞ்சளையும் கதிர் முற்றிய சாமைக் கொல்லையின் நிறத்தையும் நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் முதியவர்களே. ஒரு பழைய படத்தில் தவறான நிறம் ஏற்றப்பட்டுப் பரவினால், அடுத்த தலைமுறை அதையே தன் மூதாதையரின் தோற்றமாக நம்பும். ஆகவே மூலப்படத்தை மாற்றாமல் மின்வடிவில் சேமிப்பதும், வண்ணம் ஏற்றியதைப் படத்தின் கீழேயே குறிப்பிடுவதும், முதியவர்களின் சொல்லைப் படத்துடன் சேர்த்துப் பதிவுசெய்வதும் அவசியம்.