நூலும் போதகரும்: திருமறை ஈகை, ஊழியர் தாங்கல் குறித்து நெல்லைத் திருச்சபை வரலாறு தரும் படிப்பினை

கிறிஸ்தவ அறப்பணியில் இரண்டு வேலைகள் எப்போதும் அருகருகே நடந்து வந்துள்ளன. ஒன்று, திருமறையை மக்கள் கையில் கொண்டுசேர்ப்பது. மற்றொன்று, அதைக் கற்றுக்கொடுக்கும் போதகரையும் உபதேசியாரையும் தாங்குவது. காணிக்கை கேட்போர் இவ்விரண்டையும் தனித்தனிக் கணக்காகவே எழுதுகிறார்கள்: இத்தனை பிரதிகளுக்கு இவ்வளவு, ஒரு போதகரின் மாதச் செலவுக்கு இவ்வளவு. இப்படிப் பிரித்துப் பார்ப்பதே பல குழப்பங்களுக்கு வேர் என்பது இக்கட்டுரையின் வாதம். படித்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் கொடுத்த புத்தகம் பெட்டியில்தான் கிடக்கும். சபையார் ஒரு காசும் கொடுக்காத சம்பளத்தில் வாழும் போதகர், எத்தனை ஆண்டு இருந்தாலும் அச்சபைக்கு வெளியாளாகவே இருப்பார். வெளியிலிருந்து வரும் உதவி எதற்குப் போக வேண்டும், சபை எதைத் தானே சுமக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தரங்கம்பாடியில் தொடங்கித் தோர்ணக்கல் வரை நீளும் வரலாறு தெளிவான விடை தருகிறது.

அப்போஸ்தலர் நடபடிகளின் 8ஆம் அதிகாரத்திலேயே இந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவின் சுருளை வாசிக்கிறார். சுருள் வாங்கப் பணம் இருக்கிறது, வாசிக்கக் கல்வியும் இருக்கிறது. ஆனால் வழிகாட்ட ஒருவர் இல்லாமல் பொருள் விளங்கவில்லை. பிலிப்பு அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்த பிறகே அந்தச் சுருள் அவருக்கு நற்செய்தி ஆகிறது.

1. அச்சு: பிறர் உதவி பொருந்தும் இடம்

புராட்டஸ்டன்டு மிஷனரிகளான சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். பயிற்றுவித்தவர்களும் தொடர்ந்து தாங்கியவர்களும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார். அச்சு இயந்திரம் தந்தது லண்டனில் இயங்கிய கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம். தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. அவை பெரிதாக இருந்ததால் தாள் ஏராளமாகச் செலவாகும் நிலை. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். தாள் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் எழுந்தது. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

மூன்று நாட்டார் கைகோத்த இந்த முயற்சியை அன்றைய தரங்கம்பாடிச் சபை தனியாகச் செய்திருக்க முடியாது. மொழிபெயர்ப்பு, எழுத்து வார்ப்பு, அச்சு ஆகியவை எந்த ஒரு சிற்றூர்ச் சபையின் சக்திக்கும் அப்பாற்பட்டவை; ஒருமுறை செய்தால் எல்லோருக்கும் பல தலைமுறைக்குப் பயன்படுபவை. வெளி உதவி எவரையும் சிறுமைப்படுத்தாமல் போய்ச் சேரக்கூடிய இடம் இதுவே.

2. நூலின் விலை

சீகன்பால்கு மறைந்து நூறாண்டு ஆகுமுன்னரே புத்தகப் பஞ்சம் பெரிதாகிவிட்டது. திருமறை கிடைக்காத 9 லட்சம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்காக ஆங்கிலேயக் குருவான ஹென்றி மார்ட்டின் 1811 ஜனவரி 1 அன்று கல்கத்தாவில் மன்றாடிப் பிரசங்கித்தார். அவ்வாண்டே அங்கே துணை வேதாகமச் சங்கம் தோன்றியது. 1820இல் சென்னையிலும் ஒன்று அமைந்தது. இவற்றின் தாய்ச் சங்கம் 1804இல் லண்டனில் உருவானது.

அச்சங்கத்தின் இரண்டு விதிகள் நம் வாதத்துக்கு நேரடியாக உதவுகின்றன. முதல் விதி, திருமறையை விளக்கவுரையும் குறிப்பும் இல்லாமல் அச்சிடுவது. பல சபைப் பிரிவினர் ஒன்றாகப் பணிசெய்ய இது அவசியமாயிருந்தது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். விளக்கம் புத்தகத்தில் இல்லையென்றால் அது ஒரு மனிதரின் வாயிலிருந்துதான் வர வேண்டும். அதாவது போதகர் ஒருவர் ஊரில் இருப்பார் என்று நம்பியே அந்த நூல் அச்சகத்தை விட்டுப் புறப்படுகிறது.

இரண்டாவது விதி, இயன்றவரை நூலை அடக்கவிலைக்கும் குறைவாக விற்பது, சும்மா கொடுத்துவிடாமல் இருப்பது. கிருபைக்கு விலை உண்டோ என்று கேட்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஆனால் வாங்குபவர் கொடுக்கும் சிறுதொகை கிருபைக்கான விலை ஆகாது. தாளுக்கும் மைக்கும் அவர் தரும் பங்கு அது. இலவசமாக வீசிய பிரதிகள் கடையில் பொட்டலம் மடிக்கப் போயின என்ற மனக்குறை 19ஆம் நூற்றாண்டு ஊழியர்களிடையே அடிக்கடி எழுந்தது. கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தினார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் சேர்ந்து சுமக்கும்போதே ஈகைக்கு மரியாதை கூடுகிறது.

3. ஆள்

1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்த இவரே புராட்டஸ்டன்டுச் சபையின் முதல் தமிழ்ப் போதகர். எனினும் அவரும் அவருக்குப் பின்வந்தவர்களும் வெகுகாலம் மிஷன் நிதியை நம்பியே வாழ்ந்தனர். திருநெல்வேலியில் சபை விரைந்து பெருகியபோது, ஊருக்கு ஒரு குரு என்பது நடவாத காரியமாயிற்று. பல ஊர்கள் சேர்ந்த சேகரத்துக்கு ஒரு குரு; அதன் சிற்றூர்களுக்கு உபதேசியார்கள். காலை மாலை ஜெபம் நடத்தியவர், பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர், நோயாளியைப் பார்க்க நடந்துபோனவர், சாவு வீட்டில் முதலில் வந்து நின்றவர் எல்லாம் அந்த உபதேசியாரே. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பேருக்கே எழுத்தறிவு இருந்தது. அப்படியிருக்க, சிற்றூரின் பெரும்பான்மையோருக்குத் திருமறை அச்சுத்தாளாக வரவில்லை, உபதேசியாரின் குரலாகவே வந்து சேர்ந்தது. அந்த உபதேசியாருக்குச் சோறு போடுவதும் திருமறையைக் கொடுப்பதும் வேறுவேறு அல்ல.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் இதை நன்றாக உணர்ந்திருந்தார். நூல் வெளியீட்டுக்கும் தரும சங்கத்துக்கும் ஒரே முனைப்போடு உழைத்தார். மதம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்கித் தந்தது தரும சங்கம். அதற்கு முன்பே, 1799இல், இப்படியொரு அடைக்கலமாக முதலூர் எழுந்திருந்தது. பிரஷ்யப் பிரபு டோனாவின் கொடையால் உருவாகி அவர் பெயரையே தாங்கியது டோனாவூர். சாயர் என்னும் வணிகர் வாங்கிய நிலத்தில் சாயர்புரம் அமைந்தது. நிலம் ஒருமுறை தரும் கொடை. பெற்றவர் அதில் உழைத்துத் தம் காலில் நிற்கலாம். மாதச் சம்பளம் அப்படியல்ல. மாதந்தோறும் வெளியிலிருந்து வந்தால் மாதந்தோறும் வெளியாரையே எதிர்பார்க்கச் செய்யும்.

4. பிடியரிசியும் பொதுநிதியும்

சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென் 1861இல் எழுதிய திட்டக் குறிப்பு இந்தச் சிக்கலை நேருக்கு நேர் எதிர்கொண்டது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் சிறு குழுக்களாக வாரந்தோறும் கூடுவர். திருமறை வாசித்து ஜெபித்துக் காணிக்கை போடுவர். அது ஒரு பொதுச் சபைநிதிக்குச் செல்லும். அந்த நிதியே ஊழியரைத் தாங்கும். ஓதுதலும் ஈதலும் ஒரே கூடுகையில் நடப்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி. 1860களின் இறுதியில் திருநெல்வேலியில் சபைச் சங்கங்கள் அமைந்து, வெளி மானியம் படிப்படியாகக் குறைய, உள்ளூர்க் காணிக்கை கூடும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது.

காகிதத்தில் இருந்த திட்டத்தை வாழ்க்கையாக்கியவர்கள் ஊர்ப்பெண்கள். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். கையில் காசு புழங்காத வீட்டுக்கும் இதனால் சபைநிதியில் பங்கு கிடைத்தது. அறுப்பின் பண்டிகையில் பனங்கருப்பட்டி, தேங்காய், முதல் ஈற்றுக் கோழி, வாழைத்தார் எல்லாம் வந்து குவியும். ஏலத்தில் எடுத்தவரே சிலசமயம் அதைத் திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். இதேபோல், மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை அச்சபையின் அருட்பணிக்கு இன்றும் பெரும் பலமாக நிற்கிறது.

பொதுநிதி என்பதில் இன்னொரு நியாயமும் அடங்கியிருக்கிறது. ஊர்ப் பண்ணையாரோ சாதித் தலைவரோ நேரடியாகச் சம்பளம் கொடுத்தால், போதகர் அவர் முகம் பார்த்தே பேச வேண்டிவரும். பல ஊர்க் காணிக்கை ஓரிடத்தில் சேர்ந்து அங்கிருந்து சம்பளமாக வரும்போது, ஏழைச் சபைக்கும் போதகர் கிடைப்பார். பணக்காரச் சபையில் நிற்கும் போதகருக்கும் உண்மை பேச நாவு கிடைக்கும்.

5. பெற்ற சபை கொடுக்கும் சபையாக

ஓர் ஈகை பலித்ததா என்பதை அறிய ஓர் உரைகல் உண்டு: பெற்றவர் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினாரா? 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது திருநெல்வேலி அந்த உரைகல்லில் தேறியது. இந்தியரே நிர்வகித்து, இந்தியர் பணத்தில், இந்தியரையே அனுப்பிய சங்கம் அது. நிஜாம் ஆட்சிப் பகுதியில் தோர்ணக்கல் அதன் களமாயிற்று. முதல் செயலரான வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909இல் தாமே அக்களத்துக்குச் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

தோர்ணக்கல் மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதவர்கள். அசரியா அவர்களை வெறுமனே வாங்கும் இடத்தில் உட்கார வைக்கவில்லை. வேதக் கதைகளையும் பாடல்களையும் மனப்பாடமாகக் கற்பித்தார். கற்றவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்றார். அறுவடைக் காலத்தில் தானியமும் கோழியும் காணிக்கையாக வந்தன. வறுமையைக் காட்டி ஒருவரின் கொடுக்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. கிறிஸ்தவக் கொடை குறித்துத் தனிநூலே எழுதினார். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், பொருளையும் உழைப்பையும் வாரி வழங்கிய மேலைநாட்டாரிடம் அவர் கேட்டது நட்பையும் அன்பையும். கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற வரிசை நீடிக்கும்வரை எந்த உதவியும் நிறைவாகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

6. மறுப்புகளும் இன்றைய நிலையும்

வெளி உதவியே இல்லாமல் ஏழைச் சபை வாழுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, உதவியை நிறுத்துவதல்ல, அதற்குரிய இடத்தில் வைப்பது. மொழிபெயர்ப்பு, பார்வையற்றோருக்கான பிரெய்ல் திருமறை, இறையியல் கல்வி, போதகரின் மருத்துவச் செலவு, ஓய்வூதியம், விதவையர் நிதி ஆகியவை பலர் சேர்ந்து சுமக்க வேண்டியவை. அன்றாடச் சம்பளம் சபையின் பொறுப்பு. ஒரு போதகரை மாதத் தொகைக்குத் தத்தெடுக்கும் திட்டங்கள் நல்லெண்ணத்தில் பிறந்தவை. ஆனால் அவற்றில் போதகர் கணக்குச் சொல்வது தூரத்திலிருக்கும் கொடையாளருக்கே. ஊர்ச் சபைக்கு அவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை, தாங்கும் மகிழ்ச்சியும் இல்லை.

வெளிப்பணம் நிலையானதும் அல்ல. 1914இல் மூண்ட உலகப்போரால், தமிழகத்தில் பணிசெய்த லைப்சிக் மிஷனின் ஜெர்மானிய ஊழியர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சுவீடன் சபையார் பொறுப்பேற்றுத் தாங்க, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தன் பெயரில் எழுந்து நின்றது. 2020இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், ஓர் அமைப்பு பெற்ற தொகையை மற்றோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதைத் தடைசெய்தது. அவ்வழியில் வந்த பணத்தை நம்பியிருந்த சிறு அமைப்புகளுக்கு அந்த வாசல் மூடிற்று. சோறு காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்ற பழிக்கும், தன் போதகரைத் தானே தாங்கும் சபையைவிட வலுவான மறுமொழி இல்லை.

பொதுநிதியிலும் ஆபத்து உண்டு. கணக்கு மறைந்தால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் பிடியரிசி நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் வரவும் செலவும் சபையார் முன் வாசிக்கப்பட வேண்டும்.

முடிவுரை

திருமறை வழங்கும் எந்தத் திட்டமும், அந்த ஊரில் அதை வாசித்து விளக்குபவர் யார், அவரைத் தாங்குவது யார் என்ற இரு கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே தொடங்க வேண்டும். போதகரைத் தாங்கும் எந்தத் திட்டமும் முதல் நாளிலேயே சபையின் பங்கை வாங்கித் தொடங்கி, ஆண்டுதோறும் அப்பங்கைக் கூட்டிச் செல்ல வேண்டும். அந்தச் சபை மற்றோர் ஊருக்கு ஊழியரை அனுப்பும் நாளையே திட்டத்தின் இலக்காக எழுதி வைக்க வேண்டும். ஏழைகளான நெல்லை மக்கள் நூறாண்டுக்கு முன்பே இதைச் செய்து காட்டினார்கள். அவர்களைவிட வசதியோடு வாழும் இன்றைய சபைகளுக்கு இது இயலாத காரியம் அல்ல.