எழுத்தாளரும் நடிகரும்: கலிபோர்ணியாவின் இரு பூர்வாங்கத் தேர்தல்கள் (1934, 1966)

பிரதிநிதித்துவ ஆட்சிமுறையை ஆராய்வோர் பெரும்பாலும் மக்கள் எவ்வாறு வாக்களிக்கின்றனர் என்பதையே முதன்மைப்படுத்தி நோக்குவர். வாக்குச் சீட்டில் இடம்பெறும் பெயர்களை முதலிலே தெரிவு செய்பவர் யார் என்னும் வினா அத்துணை கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும், இறுதியில் மக்கள் முன் நிற்கும் இருவரோ மூவரோ யாவர் எனத் தீர்மானிக்கும் அதிகாரம், வாக்களிக்கும் அதிகாரத்திலும் சற்றும் குறைந்ததன்று. எமது நாட்டில் அவ்வதிகாரம் பெரும்பாலும் கட்சித் தலைமையிடமும் நியமனக் குழுக்களிடமும் இருந்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவிலோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாக அது படிப்படியாக வாக்காளரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு கட்சியின் வேட்பாளரை அக்கட்சியைச் சார்ந்த வாக்காளரே தமக்குள் வாக்களித்துத் தெரிவு செய்யும் முறையே பூர்வாங்கத் தேர்தல் எனப்படுவது. இம்முறை கட்சியின் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவினூடாக உள்ளே வந்தோர் யாவர், வந்தவருக்கு நேர்ந்தது யாது என்பனவற்றைக் கலிபோர்ணியா மாநிலத்தின் இரு தேர்தல்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கட்சிகளின் வேட்பாளர்கள் கட்சி மாநாடுகளிலேயே தெரிவு செய்யப்பட்டனர். மாநாட்டிற்குச் செல்லும் பேராளர்களைக் கட்சி முதலாளிகள் எனப்பட்ட சிலர் தம் கைக்குள் வைத்திருந்தனர். பதவிகளும் ஒப்பந்தங்களும் அவர்கள் வாயிலாகவே பங்கிடப்பட்டன. இந்நிலையை மாற்ற எழுந்த முற்போக்கு இயக்கத்தினர் நேரடிப் பூர்வாங்கத் தேர்தலைத் தமது முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டனர். விஸ்கொன்சின் மாநிலத்தில் ஆளுநர் றொபேட் லா பொலெற் என்பாரின் முயற்சியால் மாநிலம் முழுவதற்குமான பூர்வாங்கத் தேர்தற் சட்டம் 1904இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறி, 1906இல் முதன்முறையாகச் செயற்பட்டது.

கலிபோர்ணியாவில் அக்காலத்தில் சதேர்ண் பசுபிக் புகையிரதக் கம்பனியின் செல்வாக்கு மாநில அரசியல் முழுவதையும் மூடியிருந்தது. எட்டுக் கரங்களையுடைய கடற்பிராணிக்கு அதனை ஒப்பிட்டு மக்கள் பேசினர். 1909இல் அங்கும் பூர்வாங்கத் தேர்தற் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு, அதன்கீழ் நடைபெற்ற குடியரசுக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் ஹைரம் ஜோன்சன் என்ற சட்டத்தரணி வெற்றியீட்டினார். அவர் கட்சி மாநாடுகளில் வளர்ந்தவரல்லர். சான் பிரான்சிஸ்கோ நகரின் ஊழல் வழக்குகளில் அரசு தரப்பில் தோன்றிப் புகழ் பெற்றவர். புகையிரதக் கம்பனியை அரசியலிலிருந்து அகற்றுவேன் என உறுதி கூறி, மோட்டார் வண்டியிலே மாநிலமெங்கும் சென்று வாக்குக் கேட்டார். புதிய முறையின் முதற் பயனாளியே கட்சிக்கு வெளியிலிருந்து பெயரோடு வந்த ஒருவர் என்பது கவனித்தற்குரியது.

ஜோன்சன் ஆளுநரானபின் கட்சி அமைப்புக்கள் மேலும் தளர்ந்தன. 1913ஆம் ஆண்டின் சட்டமொன்று, ஒரே வேட்பாளர் ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிகளின் பூர்வாங்கத் தேர்தல்களிற் போட்டியிடுவதற்கு இடமளித்தது. 1959 வரை நீடித்த இவ்வழக்கத்தின் உச்சநிலையை 1946இற் காணலாம். அவ்வாண்டில் ஏர்ள் வாரன் குடியரசுக் கட்சி, சனநாயகக் கட்சி ஆகிய இரண்டினதும் நியமனத்தைப் பெற்று மீண்டும் ஆளுநரானார். கட்சியின் பெயர் எளிதிற் பெறக்கூடியதாகிவிட்ட இத்தகைய சூழலிலேதான் எழுத்தாளர் அப்ரன் சின்கிளேயர் அரசியற் களத்தில் நின்றார்.

1878இற் பிறந்த சின்கிளேயர், சிக்காகோ நகரின் இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைத்த தொழிலாளரின் அவல வாழ்வைச் சித்திரித்து 1906இல் நூலுருவில் வெளியிட்ட 'த ஜங்கிள்' என்னும் நாவலால் உலகப் புகழ் எய்தியவர். அந்நூல் எழுப்பிய கொந்தளிப்பு, அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமும் நிறைவேறுவதற்குத் துணை நின்றது. சமவுடைமைக் கட்சியின் வேட்பாளராகக் கலிபோர்ணியாவில் 1926இலும் 1930இலும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுப் பெருந் தோல்வி கண்டார். சிறு கட்சியொன்றின் பெயரில் எத்தனை முறை நின்றாலும் பயனில்லை எனக் கண்ட அவர், 1933ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திற் சனநாயகக் கட்சி வாக்காளராகத் தம்மைப் பதிவு செய்துகொண்டார். அதற்கு எவரது அனுமதியும் அவருக்குத் தேவைப்படவில்லை.

அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். தொழிற்சாலைகள் மூடிக்கிடக்க, தொழிலாளர் தெருவில் நின்றனர். விளைபொருளுக்கு விலையின்றி நிலங்கள் தரிசாகக் கிடக்க, மக்கள் பசியால் வாடினர். இம்முரண்பாட்டையே சின்கிளேயர் தமது திட்டத்தின் அடிப்படையாகக் கொண்டார். பயன்படாத நிலங்களையும் தொழிற்சாலைகளையும் அரசு பெற்று வேலையற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் இலாபத்திற்காகவன்றித் தமது பயன்பாட்டிற்காக உற்பத்தி செய்ய வேண்டும். அறுபது வயது கடந்த வறியோருக்கு மாதம் 50 டொலர் ஓய்வூதியம் வழங்க வேண்டும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். 'கலிபோர்ணியாவில் வறுமையை ஒழிப்போம்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்களால் இவ்வியக்கம் 'எபிக்' என அழைக்கப்பட்டது. தாம் ஏற்கனவே ஆளுநராகி வறுமையை ஒழித்துவிட்டதாகப் பாவனை செய்து எழுதிய சிறு நூலைச் சின்கிளேயர் வெளியிட்டார். அது பரந்த விற்பனையைக் கண்டது. மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான எபிக் கழகங்கள் தோன்றின. புதிய வாக்காளர் பெருந்தொகையினர் சனநாயகக் கட்சியிற் பதிவு செய்தனர்.

1934 ஓகத்து 28ஆம் நாள் நடைபெற்ற பூர்வாங்கத் தேர்தலிற் சின்கிளேயர் ஏறத்தாழ 436,000 வாக்குகளைப் பெற்றார். அவரது முக்கிய எதிராளியான ஜோர்ஜ் கிறீல், முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசின் பிரசாரக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். கட்சி மூத்தோரின் ஆதரவைப் பெற்றிருந்தவர். அவருக்குக் கிடைத்த வாக்குகள் ஏறத்தாழ 288,000 மட்டுமே. ஓராண்டுக்கு முன்னர் கட்சியின் உறுப்பினராகவும் இராத ஓர் எழுத்தாளர் அக்கட்சியின் வேட்பாளரானார்.

எனினும், நியமனத்தை வெல்வது வேறு, கட்சியை வெல்வது வேறு என்பது அடுத்த பத்து வாரங்களில் தெளிவாயிற்று. சனாதிபதி றூஸ்வெல்ற் சின்கிளேயரைத் தமது இல்லத்திற்கு அழைத்து அன்புடன் உரையாடினாரேயன்றி, ஆதரித்து ஒரு சொல்லும் பகிரங்கமாகக் கூறவில்லை. முதலில் ஆதரவளித்த கிறீல் பின்னர் அதனை மீளப் பெற்றுக்கொண்டார். சனநாயகக் கட்சிப் பிரமுகர் பலர், குடியரசுக் கட்சியின் வேட்பாளரும் அப்போது ஆளுநராயிருந்தவருமான பிராங் மெறியம் பக்கம் சாய்ந்தனர்.

மறுபுறத்தே, தேர்தற் பிரசாரம் முன்னொருபோதும் கண்டிராத வடிவத்தை எடுத்தது. கிளெம் விற்றேக்கர், லியோன் பக்ஸ்ரர் என்னும் இருவர், தேர்தற் பிரசாரத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனமொன்றை 1933இல் தொடக்கியிருந்தனர். அவர்கள் சின்கிளேயரின் நூல்களைத் துருவி ஆராய்ந்து, மதம், திருமணம், சொத்துரிமை முதலானவை பற்றிய வாசகங்களைப் பொறுக்கியெடுத்தனர். அவை நாள்தோறும் பத்திரிகைகளின் முன்பக்கத்திற் கட்டமிட்டு வெளியிடப்பட்டன. நாவலின் பாத்திரம் பேசிய வார்த்தைகளும் ஆசிரியரின் கொள்கைகளாகவே காட்டப்பட்டன. கதைமாந்தரின் கூற்றையும் கவிக்கூற்றையும் வேறுபடுத்தி நோக்க வேண்டும் என்பது இலக்கியம் பயில்வோர் அறிந்த பாலபாடம். தேர்தற் களத்தில் அவ்வேறுபாட்டை விளக்குவதற்குச் சின்கிளேயருக்கு அவகாசம் இருக்கவில்லை. அவரை மக்களிடத்திற் கொண்டு சென்ற எழுத்தே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று.

திரைப்படத் துறையும் இப்பணியில் இறங்கியது. மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் தலைவர் லூயிஸ் மேயர் குடியரசுக் கட்சியின் முக்கியஸ்தர். நிறுவனங்களின் ஊழியரிடமிருந்து ஒரு நாட் சம்பளம் மெறியத்தின் தேர்தல் நிதிக்காக அறவிடப்பட்டது. அந்நிறுவனத்தின் தயாரிப்பாளர் இர்விங் தல்பேர்க்கின் பொறுப்பில், செய்திப்படம் போலத் தோற்றமளிக்கும் பிரசாரப் படங்கள் தயாரிக்கப்பட்டுத் திரையரங்குகளில் இலவசமாகக் காட்டப்பட்டன. சின்கிளேயர் வென்றால் நாடெங்குமுள்ள நாடோடிகள் கலிபோர்ணியாவிற்கு வந்து குவிவர் என்ற அச்சத்தை அவை விதைத்தன. பொதுமக்கள் எனக் காட்டப்பட்டோருள் நடிகரும் இருந்தனர். நவம்பர்த் தேர்தலில் மெறியம் 1,138,000இற்கு மேற்பட்ட வாக்குகளையும், சின்கிளேயர் ஏறத்தாழ 879,000 வாக்குகளையும், மூன்றாமவரான றேமண்ட் ஹெய்ற் ஏறத்தாழ 302,000 வாக்குகளையும் பெற்றனர்.

சின்கிளேயரின் முயற்சி முற்றாக வீண்போகவில்லை. அதே தேர்தலில் எபிக் இயக்கத்தைச் சார்ந்தோர் இருபதுக்கு மேற்பட்டோர் மாநில சட்டசபைக்குத் தெரிவாகினர். அவ்வியக்கத்தோடு சேர்ந்து மாநில செனற் சபைக்குச் சென்ற கல்பேர்ட் ஒல்சன், 1938இல் ஆளுநராகத் தெரிவானார். நூற்றாண்டின் தொடக்கம் முதல் சனநாயகக் கட்சிக்குக் கிட்டாதிருந்த பதவி அது. ஆயினும் அதனை அடைந்தவர் புகழ்பெற்ற எழுத்தாளரல்லர். கட்சிக்குள் நின்று உழைத்தவரே.

சின்கிளேயர் தோல்வியுற்ற காலத்தில் றொனால்ட் றேகன் என்னும் இளைஞர் அயோவா மாநிலத்தில் வானொலி விளையாட்டு வர்ணனையாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1937இல் அவர் ஹொலிவூட் நடிகரானார். திரைப்பட நடிகர் சங்கத்தின் தலைவராகப் பணியாற்றியமையும், ஜெனரல் எலக்றிக் கம்பனியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தொகுத்தளித்து, அதன் தொழிற்சாலைகளுக்குச் சென்று உரையாற்றியமையும் அவருக்குப் பேச்சுப் பயிற்சியளித்தன. நெடுங்காலம் சனநாயகக் கட்சியைச் சார்ந்திருந்த அவர், 1962இலேயே குடியரசுக் கட்சியிற் பதிவு செய்தார். 1964 ஒக்தோபரிற் பரி கோல்ட்வாட்டரை ஆதரித்துத் தொலைக்காட்சியில் ஆற்றிய உரை அவரைக் கட்சித் தொண்டரின் அபிமானத்திற்குரியவராக்கியது.

1966இல் ஆளுநர் பதவிக்கான குடியரசுக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் றேகனை எதிர்த்தவர், சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மாநகர முதல்வர் ஜோர்ஜ் கிறிஸ்தோபர். அனுபவமின்மையே றேகனுக்கெதிரான முதன்மையான குற்றச்சாட்டாக இருந்தது. றேகனோ தம்மைச் 'சாதாரண குடிமகன்' என அறிமுகஞ் செய்து, அக்குறையையே தகுதியாக்கினார். இரண்டாண்டுகளுக்கு முன்னர் கோல்ட்வாட்டரை எதிர்த்த றொக்பெல்லருக்காக உழைத்த ஸ்பென்சர், றொபேட்ஸ் என்னும் ஆலோசகர்களே இப்போது றேகனுக்காக அமர்த்தப்பட்டனர். கட்சியின் மாநிலத் தலைவர் கேலோட் பார்கின்சன், சக கட்சியினரை எவரும் இழித்துப் பேசலாகாது என்ற விதியைப் 'பதினோராம் கட்டளை' என வகுத்தார். அவ்விதி அனுபவமற்றவருக்கே பெரிதும் அரணாயிற்று.

அப்போதைய ஆளுநரான சனநாயகக் கட்சியின் பற் பிறவுண், நடிகரை வெல்வது எளிது என எண்ணினார். கிறிஸ்தோபரின் பால் வியாபாரம் தொடர்பான பழைய குற்றமொன்று பத்திரிகையில் வெளிவருவதற்கு அவரது அணியினரே துணை நின்றனர். ஆனி 7ஆம் நாள் றேகன் ஏறத்தாழ 14 இலட்சம் வாக்குகளைப் பெற, கிறிஸ்தோபர் அதிற் பாதிக்கும் குறைவாகவே பெற்றார். இலிங்கனைச் சுட்டவனும் ஒரு நடிகனே எனப் பிறவுண் சிறுவரிடம் கூறும் பிரசாரப் படம் பின்னர் அவருக்கே பாதகமாயிற்று. நவம்பரில் றேகன் ஏறத்தாழ 10 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் வெற்றியீட்டினார்.

இவ்விரு தேர்தல்களையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, எழுத்தாளர் தோற்றார், நடிகர் வென்றார் என முடிவு கட்டுவது மேலோட்டமானதாகும். ஊடகத்தின் மாற்றம் ஒரு காரணமே. அச்செழுத்து மனிதனின் கருத்துக்களை நெடுங்காலம் சேமித்து வைக்கின்றது. திரை அவனது முகத்தையும் குரலையுமே நினைவில் நிறுத்துகின்றது. இதனினும் முக்கியமான வேறுபாடு கட்சியோடு கொண்ட உறவிற் காணப்படுகின்றது. சின்கிளேயர் கட்சியின் பெயரைக் கைப்பற்றினார். ஆனால் கட்சி அவரைக் கைவிட்டது. றேகனுக்குக் கட்சியின் தொண்டர், நிதியளிப்போர், தலைவர் வகுத்த விதி, கூலிக்கமர்ந்த ஆலோசகர் ஆகிய யாவரும் யாவும் துணை நின்றன. வெளியாள் எனத் தம்மை அழைத்துக்கொண்டவருள் உண்மையில் வெளியாளாக இருந்தவர் சின்கிளேயரே.

இம்முறை 1972 முதலாகச் சனாதிபதி வேட்பாளர் தெரிவிலும் முதன்மை பெற்றது. 1968இல் ஹியூபேட் ஹம்பிறி ஒரு பூர்வாங்கத் தேர்தலிலும் போட்டியிடாமலே சனநாயகக் கட்சியின் நியமனத்தைப் பெற்றமை எழுப்பிய எதிர்ப்பே அதற்குக் காரணம். 2016இல், எப்பதவியையும் முன்னர் வகித்திராத, தொலைக்காட்சியாற் பிரபலமான வணிகர் டொனால்ட் ட்ரம்ப், முக்கிய வேட்பாளர் பதினெழுவர் நின்ற களத்திற் குடியரசுக் கட்சியின் நியமனத்தை வென்றார். கட்சிப் பெரியோர் பலர் முதலில் எதிர்த்தனர். பின்னர் பெரும்பாலோர் இணங்கினர். அதே ஆண்டில், சுயேச்சை உறுப்பினராகவே செனற்றில் வீற்றிருந்த பேர்ணி சாண்டர்ஸ் சனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் இறுதிவரை போட்டியிட்டுத் தோற்றார். 1934இல் எழுந்த வினா இவ்விருவர் வாயிலாகவும் மீண்டும் எழுந்தது.

முற்போக்கு இயக்கத்தினர் கட்சி முதலாளிகளின் கையிலிருந்த திறவுகோலைப் பறித்து மக்களிடம் கொடுக்க விரும்பினர். அவர்களது நோக்கம் நேரியது. புகையிரதக் கம்பனியின் ஆதிக்கத்தை எவரும் மீள விரும்பார். ஆனால், இலட்சக்கணக்கான வாக்காளர் வேட்பாளர் ஒவ்வொருவரையும் நேரில் அறிதல் இயலாது. அறிமுகம் செய்வோர் ஒருவர் வேண்டும். கட்சி மாநாடு செய்த அப்பணியைப் பத்திரிகையும் திரைப்படமும் தொலைக்காட்சியும் பிரசார நிறுவனங்களும் ஏற்றுக்கொண்டன. பழைய காவலர் அகன்ற வாயிலிற் புதிய காவலர் வந்து நின்றனர். அவர்களை எவரும் தெரிவு செய்யவில்லை. ஆகவே வேட்பாளரைத் தெரிவு செய்யும் உரிமையை மக்களுக்கு வழங்கினால் மட்டும் போதாது. அவ்வேட்பாளரைப் பற்றி மக்கள் அறிவது யார் வாயிலாக என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். பாத்திரத்தின் கூற்றைத் தன் கூற்றாக ஏற்க நேர்ந்த ஓர் எழுத்தாளரின் தோல்வி எமக்கு உணர்த்துவது இதுவேயாகும்.