குளிர் கொடுத்ததும் குளிர் எடுத்ததும்

ஜன்னலோரம் குட்டிக் கேக்டஸ் வளர்க்கிறவர்களின் புலம்பல் ஒன்றுதான்: ‘நல்லா தண்ணி ஊத்துறேன், பூக்கவே மாட்டேங்குது!’ அதுதான் சார் சிக்கலே! குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்தி, 10 டிகிரி வாக்கில் பட்டினி போட்டால்தான் மலையில் வளரும் பல வகைகள் வசந்தத்தில் மொட்டு விடும்.

இந்த முள் பைத்தியம் முற்றிப்போன ஊர்களில் ஒன்று, பிராக். முக்கிய காரணகர்த்தா, 1882-ல் அங்கே பிறந்த ஆல்பெர்ட்டோ ஃப்ரிச். 1901-ல், இருபது வயசுகூட ஆகாதபோது, பிரேசிலுக்குக் கப்பலேறினார். அப்புறம் அமெரிக்கக் கண்டத்தில் ஊர் ஊராக அலைச்சல். பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாமலிருந்த அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டீரியாஸ் 1923-ல் மெக்ஸிகோவில் அவரிடம் சிக்கியது. முள்ளே இல்லாத குட்டி உருண்டை, மேலே மஞ்சள் பூ!

1939 மார்ச்சில் பிராகுக்குள் ஹிட்லர் படை நுழைந்தது. அடுத்து வந்த குளிர்காலம் படு கொடூரம். கணப்பு இல்லாத கண்ணாடிக் குடிலில், செடிகளுக்குள்ளிருந்த நீர் உறைந்து, ஒரு ஆயுள் சேமிப்பு கூழாகிப் போனது. மொட்டு விட வைக்கிற அதே குளிர், அளவு மீறியதும் எமனாகிவிட்டது!

காலமெல்லாம் முள்ளோடு குடித்தனம் நடத்திய ஃப்ரிச், 1944-ல் டெட்டனஸில் இறந்தார். ஆனால், அவர் கொண்டுவந்தவற்றில் பல அதற்குள் ஊரார் வீட்டு ஜன்னல்களுக்குக் குடிபோயிருந்தன. தன்னிடம் வைத்துக்கொண்டது செத்தது; கைமாறிப் போனது பூத்தது.