ஆல்பிரட் சாமரின் வைட்டமின் ஏ ஆய்வுகளும் அவற்றின் மேற்கோள் தாக்கமும்

ஆல்பிரட் சாமர் (பிறப்பு: 1942) அமெரிக்கக் கண் மருத்துவர், நோய்ப்பரவலியல் அறிஞர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பொதுச் சுகாதாரப் பள்ளியின் தலைவராக 1990 முதல் 2005 வரை பணியாற்றினார். வைட்டமின் ஏ குறைபாடு குழந்தைகளின் பார்வையை மட்டுமன்றி உயிரையும் பறிக்கக்கூடும் என்று காட்டிய ஆய்வுகளுக்காக அறியப்படுகிறார். 1997-இல் லாஸ்கர் விருது பெற்றார்.

பின்னணி

வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் நோய் வரும். பிறகு வெண்விழி வறண்டு நுரை போன்ற புள்ளிகள் தோன்றும். முற்றினால் கருவிழி கரைந்து பார்வை நிலையாகப் போய்விடும். இந்தப் பார்வையிழப்பைத் தடுக்கவே இந்தியா 1970-இல் குழந்தைகளுக்கு அதிக அளவு வைட்டமின் ஏ கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது இது கண் தொடர்பான சிக்கலாக மட்டுமே பார்க்கப்பட்டது.

இந்தோனேசிய ஆய்வுகள்

1976-இல் சாமர் இந்தோனேசியா சென்றார். அவரது குழு கிராமப்புறக் குழந்தைகள் ஏறத்தாழ 3,500 பேரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை என ஒன்றரை ஆண்டுகள் பரிசோதித்தது. கண்நோய் எப்படி உருவாகிறது என்பதே ஆய்வின் கேள்வி. தரவுகளைப் பகுத்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மாலைக்கண் போன்ற இலேசான அறிகுறி மட்டுமே இருந்த குழந்தைகள், கண் நலமாக இருந்த குழந்தைகளைவிடச் சராசரியாக நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தனர். இம்முடிவு 1983-இல் 'லேன்செட்' ஆய்விதழில் வெளியானது.

ஏழ்மையும் பிற நோய்களும் மிகுந்த குழந்தைகளுக்கே கண்நோயும் வருகிறது. அப்படியிருக்க, இறப்புக்கு வைட்டமின் குறைபாடுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இது நியாயமான ஐயமே. இதைத் தீர்க்க, சுமத்ரா தீவின் ஆச்சே பகுதியில் 450 கிராமங்களில் சோதனை நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு வைட்டமின் ஏ மாத்திரை உடனே கொடுக்கப்பட்டது. மற்றவற்றுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுக்கப்பட்டது. மாத்திரை பெற்ற கிராமங்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இது 1986-இல் வெளியானது. ஒப்பீட்டுக் கிராமங்களுக்கு மருந்துப்போலி எதுவும் தரப்படவில்லை என்பதை விமர்சகர்கள் குறையாகச் சுட்டினர்.

மறுசோதனைகள்

ஐயம் எழுந்ததால் பல நாடுகளில் இச்சோதனை திரும்பச் செய்யப்பட்டது. அவற்றுள் சில:

- தமிழ்நாடு (1990): மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த குழு, வாரம் ஒருமுறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தது. இறப்பு 54 விழுக்காடு குறைந்தது.
- ஐதராபாத் (1990): தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.
- நேபாளம் (1991): சர்லாகி மாவட்டத்தில் இறப்பு 30 விழுக்காடு குறைந்தது.

1993-இல் டொராண்டோவைச் சேர்ந்த குழு எட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, சராசரியாக 23 விழுக்காடு இறப்பு குறைவதாகக் கணித்தது. குடல், நுரையீரல் ஆகியவற்றின் உட்படலத்தையும் நோய் எதிர்ப்பாற்றலையும் வைட்டமின் ஏ காப்பதால் வயிற்றுப்போக்கும் தட்டம்மையும் உயிரைப் பறிப்பது குறைகிறது என்பது இதற்கான விளக்கம்.

மேற்கோள் எண்ணிக்கை காட்டுவதும் காட்டாததும்

ஒரு கட்டுரையை எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று தொகுக்கும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்டார். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் எச்-சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஓர் அறிஞரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 21 கட்டுரைகள் 21 முறையை எட்டவில்லை என்றால் அவரது எச்-சுட்டெண் 20.

இந்த அளவீடுகள் உடன்பாட்டையும் மறுப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு முடிவை ஏற்று எழுதிய கட்டுரையும் மறுத்து எழுதிய கட்டுரையும் ஒவ்வொரு மேற்கோளாகவே எண்ணப்படும். சாமரைப் பொறுத்தவரை மறுசோதனைகளுக்கே தனி மதிப்பு உண்டு. நம்ப மறுத்தவர்கள் சோதித்துப் பார்த்ததால்தான் அவரது முடிவு உறுதிப்பட்டது.

எச்-சுட்டெண்ணுக்கு வேறொரு குறையும் உண்டு. ஒரு கட்டுரை ஆயிரம் முறை எடுத்தாளப்பட்டாலும் அச்சுட்டெண்ணில் அது ஒரு கட்டுரையாகவே சேரும். 1983, 1986 கட்டுரைகள் போலத் துறையின் போக்கையே மாற்றியவற்றின் எடை அதில் தெரியாது.

இன்றைய நிலை

2013-இல் வெளியான உத்தரப் பிரதேச ஆய்வு பத்து இலட்சம் குழந்தைகளை உள்ளடக்கியது. அதில் இறப்பு 4 விழுக்காடு மட்டுமே குறைந்தது. புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு அன்று. எல்லா இடங்களுக்கும் ஒரே திட்டம் தேவையா என்ற விவாதம் இதனால் வலுத்தது. குறைபாடு பொதுச் சுகாதாரச் சிக்கலாக உள்ள இடங்களில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்குமாறு உலக சுகாதார அமைப்பு 2011-இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை இது சொட்டு மருந்தாக வழங்கப்படுகிறது. அந்த மருந்தைப் பெறும் குழந்தை எந்த மேற்கோள் அட்டவணையிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் ஆய்வின் பயன் இறுதியில் சென்று சேர்வது அக்குழந்தையிடம்தான்.